மாவுத் தொட்டியில் விழுந்தவர்

சினிமாத் திரையில் அவர்கள் பேக்கரி வந்ததும் அவள் இருக்கையில் தாழ்ந்து உட்கார்ந்தாள்.

பெயர்ப்பலகையைப் படக்காரர்கள் மாற்றியிருந்தார்கள். சுவர்களை ரோஜா நிறத் துணியால் மூடியிருந்தார்கள். ஆனால் அடுப்பின் வாய்க்கு மேலே ஏறியிருக்கும் கரியை என்ன செய்ய முடியும்? அந்தக் கரியைப் பார்த்துக்கொண்டுதான் அவள் கணவர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ரொட்டி சுடுகிறார்.

அவர் இப்போது அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தார். அசையவில்லை.

இடப்பக்கம் நாத்தனார். டிக்கெட் எடுத்ததே நாத்தனார்தான். பேக்கரிக்காரரைப் பற்றிய சிரிப்புப் படம், பேக்கரிக் குடும்பம் பார்க்காவிட்டால் எப்படி என்று ஒற்றைக்காலில் நின்றாள். தலைவலி என்று சொல்லித் தப்பிக்கலாமென்று இவள் வாயைத் திறப்பதற்குள் கணவரே தலைவலி என்றுவிட்டார். ஒரே வீட்டில் ஒரே சமயத்தில் எத்தனை தலைவலிதான் வரும்?

சினிமா கம்பெனி மேனேஜர் முதலில் கணவரிடம்தான் வந்து கேட்டார், இரண்டு நாள் படம் பிடிக்கக் கடை வேண்டும் என்று.

"நாம பாடுபடுறதப் பாத்து நாலு பேரு சிரிக்கணுமா? வேற இடம் பாருங்க." முகத்தில் அடித்தாற்போல் சொல்லி அனுப்பிவிட்டார்.

சில நாள் கழித்து, அடுப்புக்கு நல்ல செங்கல் பார்த்து வருகிறேன் என்று வெளியூர் கிளம்பினார். கடைக்கு இரண்டு நாள் விடுமுறை. அவர் பஸ் ஏறிய சூட்டோடு அவள் மேனேஜருக்குப் போன் போட்டாள்.

பணத்துக்காக இல்லை. அந்தப் படத்தில் நடிக்கும் நகைச்சுவை நடிகர் விழுந்து எழுவதைப் பார்த்தால் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பு வரும். ஒரே ஒரு தடவை, பக்கத்தில் நின்று அதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். மேனேஜர் ஒரு மாதிரி சிரித்தார். ரகசியம் காப்பதில் தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்றார்.

திரையில் நடிகர் அடுப்பிலிருந்து தட்டை இழுத்தார். பன்கள் உருண்டு ஓடின. ஒன்றை மிதித்தார். கையைக் காலை உதறிக்கொண்டு பின்னால் போனார்.

பின்னால் மாவு பிசையும் மரத்தொட்டி.

அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் செருப்புக் காலோடு கணவர் யாரையும் விட்டதில்லை. பெற்ற பிள்ளையைக்கூட. நடிகர் இதில் விழலாமா என்று டைரக்டர் அன்று அவளிடம் கேட்கத்தான் கேட்டார். அவள்தான் தலையாட்டினாள்.

பொத்தென்று விழுந்தார் நடிகர். மாவு காதுவரை ஏறியது. கொட்டகையே அதிர்ந்தது. நாத்தனார் அவள் தோளில் அடித்து அடித்துச் சிரித்தாள்.

அன்றைக்கு அவளும் இப்படித்தான் சிரித்தாள். சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு.

எல்லோரும் போன பிறகு வெந்நீர் ஊற்றித் தொட்டியைத் தேய் தேய் என்று தேய்த்தாள். மறுநாள் கணவர் வெறுங்கையோடு திரும்பினார். நல்ல கல் அமையவில்லையாம். தொட்டியை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"நான் இல்லேன்னாலும் எப்படி வச்சிருக்க பாரு!"

அந்தப் பாராட்டு இன்னும் முள்ளாகக் குத்துகிறது.

ஓரக்கண்ணால் பார்த்தாள். கோபம் வந்தால் அவருக்குத் தாடை அசையும். அசையவில்லை. சிரிக்கவும் இல்லை. தன் கடையை, தன் அடுப்பை, அடுத்தவன் விழுந்து கிடந்த தன் தொட்டியைத் திரையில் பார்த்துவிட்டு ஒரு மனுஷனால் இப்படிக் கல்லாக உட்கார முடியுமா? திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இடைவேளையில் காலில் விழாத குறையாகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

காட்சி மாறியது. அந்தக் கோமாளி, மனசுக்குப் பிடித்த பெண்ணுக்காக முதல்முறையாக ஒழுங்காக ஒரு ரொட்டி செய்யப் போகிறான். முகத்தைக் காட்டவில்லை. திரை முழுக்க இரண்டு கைகள் மட்டும்.

கைகள் மாவை மடித்தன. அடி உள்ளங்கையால் தள்ளின. திருப்பிப் போட்டு மறுபடி மடித்தன. அவசரமே இல்லை. தூங்குகிற குழந்தையைப் புரட்டிப் படுக்க வைப்பது போல.

சிரிப்பு அடங்கிவிட்டது. கொட்டகையில் ஒரு இருமல்கூட இல்லை.

இடது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்திருந்தது. மணிக்கட்டுக்கு மேலே, சூடான தட்டின் விளிம்பு இழுத்த மூன்று தழும்புகள். மூன்றாவதுக்கு மருந்து போட்டவளே அவள்தான்.

செங்கல் பார்க்கப் போன மனுஷர் அந்த இரண்டு நாளும் எங்கே, எந்தக் கேமரா முன்னால் இருந்தார் என்பது அவளுக்குப் புரிந்தது. மேனேஜர் ஏன் அப்படிச் சிரித்தார் என்பதும்.

நாத்தனார் அவளைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். "அண்ணா, இந்தாளு அச்சு அசலா உன்ன மாதிரியே பிசையறாரு, பாரேன்!"

கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தண்ணி கொஞ்சம் ஜாஸ்தி" என்றார், அவள் பக்கம் திரும்பாமல்.

சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் மெதுவாகத் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.