பெரிய பெட்டரிதான் வேணும்

"நடுத்தரப் பெட்டரி போதும் மிஸ். சின்ன ஃபிரிட்ஜ் ஒண்டு, ரெண்டு லைட், ஒரு ஃபேன். இதுக்குப் பெரிய லித்தியம் எதுக்கு?"

கட்டுகஸ்தோட்டையில் பெட்டரிக் கடை வைத்திருக்கும் சாஹுல் ஹமீதுக்கு வலிய வரும் சீதேவியைக் காலால் தள்ளுவது புதிதல்ல. மனதில் பட்டதைச் சொல்லாவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும்.

"பெரியதுதான் வேணும்" என்றாள் நிரஞ்சனி. வாசலில் நின்றது அவளுடைய வேன். சுற்றுலாக்காரர்கள் உள்ளேயே சமைத்து, தூங்கி, ஊர் சுற்றும்படி அதை மாற்றியிருந்தாள்.

பக்கத்தில் நின்ற டிரைவர் இருளப்பன் மெல்ல வாய் திறந்தார். "பழைய லொறி பெட்டரி ஒண்ணு கெடக்கு மிஸ். அதையே போட்டா..."

"அது எஞ்சின் ஸ்டார்ட் பண்ண மட்டுந்தான். விடிய விடிய இழுத்தா செத்துப்போகும். நீங்க பேசாம இருங்க" என்று வெட்டினாள் நிரஞ்சனி.

சொன்னது சரிதான். ஆனால் நரைத்த மனுசனிடம் பேசுகிற பேச்சா இது? சாஹுல் ஹமீதுக்குச் சுருக்கென்றது.

"ராத்தங்குற பயணத்துக்கு நா வரல மிஸ். வேற டிரைவரப் பாத்துக்குங்க."

"ஏன்?"

"வீட்டுல கஷ்டம்."

"வேன வீடா மாத்தியாச்சு. இனிமே பகல் ஓட்டம் ஏது? வேற டிரைவரும் வேணாம், நீங்கதான் வரணும். போயி வேன நெழல்ல விடுங்க."

இருளப்பன் தலையைக் குனிந்துகொண்டு போனார். வந்தால் அவஸ்தை, வராவிட்டால் வேலை இல்லை. பாவம் மனுசன்!

சாஹுல் ஹமீதுக்குப் பொங்கிவிட்டது.

"மிஸ், உங்களுக்கு இந்தக் கடையில பெட்டரி இல்ல."

"என்னது?"

"வெள்ளக்காரன் உள்ளுக்குக் கட்டில்ல படுப்பான். அந்த மனுசன் முன் சீட்டுல மடங்கிக் கெடக்கணும். வர ஏலாதுண்டு சொல்றாரு, நீங்க விடுறீங்க இல்ல. சம்பளம் குடுத்தா மனுசன் அடிமையா? யாவாரம் போனா போகட்டும், அல்லாஹ் வேற வழி காட்டுவான். நீங்க போங்க!"

நிரஞ்சனி அசையவில்லை. "போக மாட்டேன். இந்தப் பெட்டரிதான் வேணும், நீங்கதான் வேன்ல பூட்டணும்."

என்ன நெஞ்சழுத்தம்! அவர் அடுத்த வார்த்தைக்கு வாயெடுப்பதற்குள், அவள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"தூக்கத்துல இருளப்பனுக்கு மூச்சு நின்னு நின்னு வருது சாஹுல் நானா. டாக்டர் ஒரு மெஷின் குடுத்திருக்காரு. அத மாட்டிக்கிட்டுத் தூங்கினா தாராளமா வண்டி ஓட்டலாமாம். கரண்ட் இல்லாத எடத்துல அது ஓடாதேன்னுதான் வரமாட்டேங்கிறாரு. வெளிய சொன்னா வேலைய விட்டு நிப்பாட்டிருவேன்னு பயம். அவரு சம்சாரம் வந்து அழுதுட்டுப் போனாங்க."

சாஹுல் ஹமீதுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சட்டென்று திரும்பி, பெரிய பெட்டரியைத் தானே தூக்கி மேசையில் வைத்தார்.

"முன் சீட்டுக்கிட்ட ஒரு பிளக் வைங்க" என்றாள் நிரஞ்சனி. "அவரு ஏன்னு கேப்பாரு. எனக்கு விஷயம் தெரியும்னு அவருக்குத் தெரிய வேணாம். இந்த மாதிரி வேனுக்கெல்லாம் அங்கதான் வைக்கிறதுன்னு நீங்களே ஒரு பொய் சொல்லிருங்க. நா சொன்னா நம்ப மாட்டாரு; உங்கள மாதிரி மூஞ்சிக்கு நேரா உண்மை பேசுற ஆளு சொன்னா நம்புவாரு."