பாவிக்கு மட்டும் கைக்கும்

பூரணத்துக்குத் தீர்த்தம் கைச்சது. இந்த வெள்ளிக்கிழமையும் கைச்சது.

முகத்தைச் சிரிச்ச மாதிரியே வைச்சுக்கொண்டு மடக்கெண்டு விழுங்கி, "தேன், சாமி" எண்டா.

அப்பிடித்தான் சொல்லவேணும். மடத்துச் சாமி வந்த புதிசிலையே சொல்லிப்போட்டார்: பாவம் இல்லாதவைக்கு என்ரை தீர்த்தம் இனிக்கும், பாவிக்கு மட்டும் கைக்கும்.

முதல் வெள்ளியே ஒரு ஆள் முகம் சுழிச்சது. பூரணத்தின்ரை மச்சாள், குணலட்சுமி. என்ன பாவம் செய்தனி எண்டு சனத்துக்கு முன்னாலை சாமி கேட்டார். ஒண்டும் இல்லையெண்டா. அதுவே பெரிய பாவமாப் போச்சுது. அண்டைக்குப் பின்னேரமே பூரணத்தின்ரை அண்ணை பரமலிங்கம் மனிசியைத் தாய்வீட்டிலை கொண்டுபோய் விட்டிட்டு வந்தார். கைக்குழந்தையைத் தன்னோடை வைச்சுக்கொண்டார்.

ஒண்டரை வருசமாச்சு. பிறகு ஒருத்தரும் முகம் சுழிக்கேல்லை. எல்லாருக்கும் தேன். பரமலிங்கம்தான் எல்லாரிலும் சத்தமாச் சொல்லுறவர்.

ஊரெல்லாம் மலேரியா. மடத்துக்குப் போற பெரியாக்களுக்கு மட்டும் காய்ச்சல் குறைவு. சாமியின்ரை பேர் கச்சாய் ஊர் வரைக்கும் போச்சுது.

அப்ப நான் ஒருத்திதான் பாவி, எண்டு பூரணம் நினைச்சா. என்ன பாவமெண்டு தேடித்தேடிப் பார்த்தா. படையலுக்கு வைச்ச மோதகத்திலை ஒண்டைக் களவா எடுத்துத் திண்டது ஞாபகம் வந்தது. அப்ப அவவுக்கு ஏழு வயசு.

இப்ப மகள் செல்வநாயகிக்கு ஏழு வயசு. சின்னப்பிள்ளையளுக்குத் தீர்த்தம் இல்லை. குளிர்காய்ச்சல் பிடிச்சிட்டுது. ஒருநாள் விட்டு ஒருநாள் பல்லுக் கிட்டிற நடுக்கம்.

புருசன் ஏரம்பு போய்ச் சாமியைக் கேட்டார். உன்ரை வீட்டிலை ஒரு பாவி ஒளிச்சிருக்கு எண்டாராம் சாமி. வாற வெள்ளி தானா வந்து சொல்லவேணும். அதுக்கிடையிலை கிறிஸ்தவ வேதக்காரற்றை டிஸ்பென்சரிப் படியை மிதிச்சால் பிள்ளை தங்காது.

ஏரம்பு இதைச் சொல்லிப்போட்டு மனிசியை ஒரு பார்வை பார்த்தார்.

"நீ ஏதும் ஒளிக்கிறியோ?"

"இல்லையப்பா."

சொன்னால் குணலட்சுமி மாதிரிப் பிள்ளையை விட்டிட்டுப் போகவேணும். சொல்லாட்டில் பிள்ளையே இல்லை.

வியாழக்கிழமை காலமை பிள்ளை கண் திறக்கேல்லை. ஏரம்பு தோட்டத்துக்கு இறைக்கப் போனதும், பூரணம் பிள்ளையைத் தோளிலை போட்டு, சீலைத் தலைப்பாலை முகத்தை மூடிக்கொண்டு ஓடினா. மடத்து மதிலடியிலை குனிஞ்சுகொண்டு போனா. பிள்ளையின்ரை மூக்கிலை விரல் வைச்சுப் பார்த்துப் பார்த்து நடந்தா. டிஸ்பென்சரிப் படியை மிதிக்கேக்கை கண்ணை இறுக்கி மூடினா.

பிள்ளை முனகிச்சுது. உயிர் இருக்குது.

டிஸ்பென்சர் நேசையா மருந்தைக் கலக்கி நீட்டினார். பிள்ளை துப்பிச்சுது. நீ கொஞ்சம் குடிச்சுக் காட்டு, பிறகு குடிக்கும், எண்டார். பூரணம் குடிச்சா.

அதே கைப்பு.

கதவு நிலையைப் பிடிச்சுக்கொண்டா. "ஐயா, எனக்கு இஞ்சையும் கைக்குது."

"கொய்னா, பிள்ளை, மலேரியாக் காய்ச்சலுக்குக் குடுக்கிற மருந்து. ராசாவுக்கும் கைக்கும்."

"எல்லாருக்குமோ?"

"நாக்கு இருக்கிற எல்லாருக்கும். உங்கடை மடத்துச் சாமியைக் கேட்டுப் பாரன். ஊர்ச்சனத்துக்குக் குடுக்கவெண்டு வாராவாரம் ரெண்டு போத்தில் கொண்டுபோறவர். நல்ல மனிசன்."

வெள்ளிக்கிழமை பிள்ளை கஞ்சி கேட்டுது. பூரணம் மடத்துக்குப் போனா.

சாமி அவவைப் பார்த்துக்கொண்டே கையிலை தீர்த்தம் விட்டார். டிஸ்பென்சர் பொய் சொல்லியிருந்தால்? பின்னாலை ஏரம்பு நிக்கிறார்.

குடிச்சா.

"கைக்குது, சாமி."

பக்கத்திலை நிண்டவை விலகிச்சினம்.

"டிஸ்பென்சரியிலையும் இப்பிடித்தான் கைச்சது. கொய்னாவாம்."

சாமி கோவிக்கேல்லை, சிரிச்சார். "படியையும் மிதிச்சிட்டாள். பாவியெண்டு தன்ரை வாயாலையும் சொல்லிப்போட்டாள்." வரிசையைப் பார்த்தார். "வேறை ஆருக்கும் கைச்சுதோ?"

ஒருத்தரும் அசையேல்லை. ஏரம்பு நிலத்தைப் பார்த்தார்.

வரிசைக் கடைசியிலை பரமலிங்கம், தாயில்லாமல் வளர்ற பிள்ளையை இடுப்பிலை வைச்சுக்கொண்டு நிண்டார். பிள்ளையின்ரை முகத்தைப் பார்த்தார். பிறகு சத்தமாச் சொன்னார்.

"எனக்கு முதல் வெள்ளியே கைச்சது."