சாதா போல்ட்

"இது உடையும்மா! விக்கிற நானே சொல்றேன், இந்த போல்ட் உடைஞ்சிடும்!"

சம்பந்தம் கையிலிருந்த போல்ட்டை மேசை மேல் போட்டார்.

"உடையட்டும்ணா. எனக்கு அதான் வேணும்," என்றாள் அருள்மேரி.

சேலையூர் தாண்டி வேளச்சேரி சாலையில், சொந்த நிலத்திலேயே ஷெட் போட்டு, மினி டிராக்டருக்கான கருவிகளை விற்றுக்கொண்டிருந்தார் சம்பந்தம். பதினெட்டு வருடத்தில் எத்தனையோ விதமான வாடிக்கையாளர்களைப் பார்த்திருக்கிறார். உடையும் போல்ட் வேண்டும் என்று கேட்டு யாரும் வந்ததில்லை.

அருள்மேரி கடை திறந்ததுமே வந்துவிட்டாள். நாற்பது வயதிருக்கும். சுடிதார் மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. டிராக்டருக்குப் பின்னால் மாட்டி மண் நிரவும் பிளேடு வேண்டும் என்றாள்.

"வண்டி எத்தனை ஹெச்.பி?"

"இருபத்தொண்ணு."

"அப்ப இந்த நாலடி பிளேடு போதும். வெயிட்டும் கம்மி."

அவள் குனிந்து தகட்டின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஆறு எம்.எம். தகடு. ரெண்டே மாசத்துல ஓரம் மடங்கிடும்ணா. எட்டு எம்.எம்-ல காட்டுங்க."

சம்பந்தம் அடுத்ததைக் காட்டினார். அவள் பின்பக்கம் போய் வெல்டிங்கைப் பார்த்தாள். வண்டிச் சாவியால் பெயின்ட்டைச் சுரண்டினாள். வெல்டிங்கை முழுதாக ஓட்டாமல் நடுநடுவே இடைவெளி விட்டு வைத்திருந்தார்கள். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

மூன்றாவது பிளேடு அவளுக்குப் பிடித்திருந்தது. கனமான தகடு. அடி ஓரத்தில் தேய்ந்தால் திருப்பிப் போட்டுக்கொள்ள வசதியாகத் தனிப் பட்டை.

"கரெக்டா புடிச்சிட்டியே!" என்றார் சம்பந்தம். "எதுக்கும் வண்டி ஓட்டுறவரை ஒரு வார்த்தை கேட்டுக்கோம்மா."

"நான்தாண்ணா ஓட்டுறேன். சிறுசேரி பக்கம் மனை நிரவுற வேலை."

அதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது. பிளேடைக் கோணம் திருப்பும் இடத்தில் இருந்த கறுப்பு போல்ட்டைப் பார்த்ததும் அவள் நின்றுவிட்டாள்.

"இது கம்பெனி போல்ட் இல்லியே?"

"நான் மாத்துனது. கம்பெனிக்காரன் சாதா போல்ட் போட்டு அனுப்புறான். நான் ஹைடென்சில் போட்டுக் குடுக்கிறேன். யானையக் கட்டி இழுத்தாலும் உடையாது."

"கழட்டிட்டு சாதாவே போட்டுக் குடுங்க. கூட பத்து போல்ட் தனியா வேணும்."

இப்படித்தான் அந்தப் பேச்சு ஆரம்பித்தது.

"இவ்ளோ கெட்டியான பிளேடா பாத்துப் பாத்து எடுத்துட்டு, போல்ட்ட மட்டும் சொத்தையா கேக்கிறியேம்மா?"

"அடியில இன்னா கீதுன்னு யாருக்குத் தெரியும்? கல்லுல மாட்டுனா போல்ட்டுதான் மொதல்ல உடையணும். அதுக்குத்தான் கம்பெனில சாதா போல்ட் வைக்கிறாங்கன்னு மெக்கானிக் சொன்னாரு."

"மெக்கானிக் சொல்லுவான். போல்ட் உடைஞ்சா வேல நிக்குதில்ல? வண்டிய ஓரங்கட்டிட்டு வெயில்ல உக்காந்து மாட்டணும். மனைக்காரன் கத்துவான். எல்லாம் பேஜார்மா."

"பரவால்லண்ணா. உக்காந்து மாட்டிக்கிறேன்."

சம்பந்தத்துக்கு மனசு கேட்கவில்லை. நாளைக்கே இவள் வந்து நின்றால் கடைக்குத்தானே கெட்ட பேர்?

"ஒரு விஷயம் சொல்றேன், கேளு. போன வருஷம் மாடம்பாக்கத்து ஆளு ஒருத்தரு இதே மாதிரி பிளேடு வாங்கினு போனாரு. அப்போ நான் கம்பெனி போல்ட்டோடதான் வித்துகினு இருந்தேன். ஒரே மாசத்துல மூணு வாட்டி வந்தாரு. 'போல்ட் உடைஞ்சி உடைஞ்சி பாதி நாள் வேலையே போவுது, இன்னாய்யா வியாபாரம் பண்றே'ன்னு ஒரே சத்தம். சரின்னு ஹைடென்சில் போட்டு அனுப்பினேன். அதோட சரி. ஆளு அப்புறம் இந்தப் பக்கமே வரல! அன்னியிலேர்ந்துதான் எல்லாருக்கும் இதையே போடுறேன்."

அருள்மேரி கறுப்பு போல்ட்டின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாதாவே போடுங்கண்ணா," என்றாள்.

இனிமேல் பேசிப் பயனில்லை என்று சம்பந்தத்துக்குத் தெரிந்துவிட்டது. ஸ்பானரை எடுத்து அவரே போல்ட்டைக் கழற்றினார். சாதா போல்ட்டை மாட்டினார். பத்து போல்ட்டை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். அவள் அதைப் பிரித்து ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்த்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

சம்பந்தம் பில் புத்தகத்தைத் திறந்தார்.

"பேரு?"

"அருள்மேரி."

"அட்ரஸ்?"

"மாடம்பாக்கம். உங்க பழைய பில்லுல இருக்கும்ணா. சவுரிமுத்துன்னு பாருங்க. நீங்க இப்ப சொன்னீங்களே, அவருதான். நான் அவரு சம்சாரம்."

சம்பந்தத்தின் முகம் மலர்ந்தது.

"அட! சவுரிமுத்து வூட்டம்மாவா நீ? மொதல்லயே சொல்லக் கூடாதா? அவரையே கேளேன், நான் சொன்னது சரியா இல்லியான்னு! நான் போட்ட போல்ட் உடைஞ்சிச்சா?"

"உடையலண்ணா," என்றாள் அருள்மேரி. "ஒரு மனையில மண்ணுக்குள்ள கெடந்த பழைய கான்கிரீட் தூண்ல பிளேடு மாட்டிகிச்சி. போல்ட் அப்பவும் உடையல. பிளேடு வளைஞ்சி வண்டி அப்டியே நின்னுடுச்சி, அவருதான் தெறிச்சிப் போயி கல்லு மேல விழுந்தாரு. அவரு கேட்டதத்தான் நீங்க குடுத்தீங்க, உங்க மேல தப்பு இல்ல. வர்ற கல்லறைத் திருநாள்தான் அவருக்கு மொத தடவ."