சாப்பாட்டு நேரத்துச் சுத்தியல்

“இன்னும் எத்தனை வண்டியில இந்த வேலையப் பாத்து வச்சிருக்க?”

முதலாளி கருத்தக்கண்ணனின் குரல் பழங்காநத்தம் பஸ் பட்டறை முழுக்கக் கேட்டது. எதிரே, கையில் சிறிய சுத்தியலோடு நின்றாள் அற்புதமேரி. பக்கத்து மேசை மேல் ஒரு புத்தம்புது கிராங்க் ஷாஃப்ட் ஏறியிருந்தது. எஞ்சினுக்குள் சுழலும் அந்த இரும்புத் தண்டு ஒரு நெல் மூட்டை கனம் இருக்கும்.

சாப்பாட்டு நேரத்தில் பட்டறையில் யாரும் இருப்பதில்லை. மறந்துவிட்ட கண்ணாடியை எடுக்கத் திரும்பி வந்த ஃபோர்மேன்தான் சத்தம் கேட்டு அவளைப் பிடித்தார்.

“ஒன்றரை வருஷத்துல இதோட பதினொண்ணு,” என்றாள் அற்புதமேரி. “நம்ம கம்பெனியில ஓடுற அம்புட்டு வண்டியும்.”

முதலாளி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“புருஷன் செத்த ஆத்திரம் மொதலாளி,” என்றார் ஃபோர்மேன். “வஞ்சம் தீத்திருக்கா.”

அவளுடைய கணவன் தனிஸ்லாஸ் இதே கம்பெனியின் கொடைக்கானல் பஸ்ஸை ஓட்டியவன். எண்பதாம் வருஷம், மலை ஏறும்போது ஷாஃப்ட் ஒடிந்து எஞ்சின் நின்றது. பின்னால் உருண்ட பஸ்ஸை மலைப்பக்கமாக ஒடித்து மோதவிட்டான். பயணிகள் பிழைத்தார்கள், அவன் பிழைக்கவில்லை. ‘டிரைவரின் கவனக்குறைவு’ என்று எழுதிக் கொடுத்த கம்பெனி, அவளுக்கு மண்ணெண்ணெயில் எஞ்சின் சாமான் கழுவும் வேலையையும் கொடுத்தது.

“வஞ்சம்னா வண்டி என்னைக்கோ கவுந்திருக்கும்,” என்றாள் அவள். “அன்னைக்கு ஒடிஞ்ச ஷாஃப்ட் பழைய இரும்போட மூலையில கெடந்துச்சு. எடுத்துக் கழுவிப் பாத்தேன். கழுத்து வளைவுல முடி கனத்துக்கு ஒரு விரிசல். அங்கருந்துதான் ஒடிஞ்சிருக்கு. எங்கப்பா பரவையில லாரிக்கு அடியில வைக்கிற வில்லுப் பட்டை அடிச்சவரு. நெருக்கி நெருக்கித் தட்டுன பட்டை சீக்கிரம் ஒடியாதும்பாரு. அதத்தான் இதுலயும் செஞ்சேன்.”

“புது ஷாஃப்ட்ட சுத்தியலால அடிச்சுட்டு எனக்குப் பாடம் சொல்றியா?”

“கேட்டீக, சொன்னேன்.”

முதலாளி கோச்சடைக்குக் காரை அனுப்பினார். இன்ஜினியரிங் கல்லூரியில் பாடம் நடத்தும் லூர்துராஜ் வந்து சேர்ந்தார். நாசவேலை என்று அவர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், அடுத்த நிமிஷம் போலீஸ்.

லூர்துராஜ் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஷாஃப்ட்டின் மேல் வெகுநேரம் குனிந்திருந்தார். வளைவுகளில் மட்டும் மிளகு மிளகாகக் குழிகள், ஒன்றையொன்று தொட்டபடி. உரசிச் சுழலும் இடங்களில் ஒரு அடிகூடப் படாமல் பழைய சேலைத்துணி சுற்றியிருந்தது.

“இதுல கெடுதல் ஒண்ணுமில்ல சார்,” என்றார் நிமிர்ந்து. “அடி வாங்குன மேல்தோல் உள்பக்கமா இறுகிக்கிடும். விரிசல் விழுகப் பாத்தாலும் அந்த இறுக்கம் விடாது. அமெரிக்காவுல விமான எஞ்சின் உலோகத்துல லேசர் ஒளியப் பாய்ச்சி, அந்த அதிர்ச்சியில இதே மாதிரி இறுக்கிப் பாக்குறாங்கன்னு படிச்சிருக்கேன். இந்தம்மா அதச் சுத்தியல வச்சுச் செஞ்சிருக்காங்க. ஒண்ணு கேக்குறேன், இவங்க அடிச்சதுல ஏதாவது ஒடிஞ்சிருக்கா?”

முதலாளி ஃபோர்மேனைப் பார்த்தார். முன்பெல்லாம் வருஷத்துக்குக் குறைந்தது இரண்டு ஒடியும். கடைசியாக எப்போது ஒடிந்தது என்று ஃபோர்மேனுக்கு நினைவுக்கு வரவில்லை.

லூர்துராஜ் சொன்னதை ஒப்புக்கொண்டால் தனிஸ்லாஸ் செத்தது ஷாஃப்ட்டால் என்றாகும். அது முதலாளிக்குப் புரிந்தது. குரலைத் தணித்துக்கொண்டார்.

“சரி, நல்லதாவே இருக்கட்டும். கேக்காம கம்பெனி சாமான்ல கை வச்சது தப்பு. மன்னிப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாரு.”

“எழுதுறேன்,” என்றாள் அற்புதமேரி. “மொதல்ல எம்புருஷன் பேர்ல நீங்க எழுதுனத மாத்தி எழுதுங்க.”

“வேலை போயிரும்.”

“போகட்டும். நான் எழுத மாட்டேன்.”

லூர்துராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதலாளி கையைக் காட்டி நிறுத்தினார்.

“படிச்சவுக சொல்றது இருக்கட்டும் சார். உயிரக் குடுத்து ஓட்டுறவன் என்ன சொல்றான்னு கேப்போம். ஃபோர்மேன், டிரைவருகள வரச் சொல்லு. இவள அவங்களே வெளிய தள்ளுவாங்க.”

ஷெட்டில் அப்போது இருந்த ஆறு டிரைவர்களும் வந்தார்கள். முன்னால் நின்றவர் முத்திருளன். தனிஸ்லாஸுக்குப் பிறகு கொடைக்கானல் பஸ்ஸை எடுத்தவர்.

முதலாளி எழுந்து நின்றார்.

“நல்லாக் கேட்டுக்கங்கப்பா. ஒன்றரை வருஷமா இந்தப் பொம்பள, ஒருத்தருக்கும் தெரியாம உங்க வண்டி ஷாஃப்ட்ட எல்லாம் சுத்தியலால அடிச்சு வச்சிருக்கா. இனிமே எந்தத் தைரியத்துல வண்டியில ஏறுவீக?”

முத்திருளன் அற்புதமேரியைப் பார்த்தார். வேண்டாம் என்பதுபோல அவள் லேசாகத் தலையை அசைத்தாள். அவர் அதைக் கண்டும் காணாதவர்போல முதலாளி பக்கம் திரும்பினார்.

“தெரியும் மொதலாளி. அக்கா தட்டிக் குடுக்காத வண்டிய நாங்க எடுக்குறதே இல்ல.”