ஞாயிற்றுக்கிழமைக் குரல்

"அம்மாடி, பஸ்ஸா, ரயிலா? இன்னைக்கு ஒரு முடிவு சொல்லிடு. சேர்ந்தாப்ல நாலு நாள் லீவு. அப்புறம் டிக்கெட் குதிரைக்கொம்பாயிடும்."

பெரியவர் நாற்காலியை விட்டு எழாமலேயே கேட்டார். வாழ்நாளெல்லாம் ரயில் எஞ்சின் ஓட்டியவர். ஆகவே முடிவு ரயில்தான் என்பது மருமகளுக்குத் தெரியும். ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சுதான்.

"இவ்வளவு தூரம் உங்க உடம்புக்கு ஆகுமா மாமா?"

"ஏன் ஆகாம? நெஞ்சைத் திறந்து தச்சாச்சு. இப்போ புது எஞ்சின்."

"எனக்கு லீவு கிடைக்குமான்னு தெரியலை. ஆஸ்பத்திரியில பல்செட் வேலை குவிஞ்சு கிடக்கு."

"பல்லு இல்லாதவன் நாலு நாள் மெல்லாம இருக்கட்டும்."

"அங்க வெயில் மண்டையைப் பிளக்குமாம்..."

"தொப்பி போட்டுக்கறேன். என்னம்மா நீ, எதைச் சொன்னாலும் முட்டுக்கட்டை போடறே?" சிரித்தபடிதான் சொன்னார். பிறகு குரல் தணிந்தது. "கண்ணுதான் மங்கிப்போச்சு. ராக்கெட் கிளம்பறது எனக்கு வெறும் வெளிச்சமாத்தான் தெரியும். பரவாயில்லை. நான் பார்க்கப் போகலை, கேட்கப் போறேன். அத்தனை ஜனத்துக்கு நடுவுல, ஒலிபெருக்கியில என் மகன் 'பத்து, ஒன்பது'ன்னு எண்ணறதை ஒரே ஒரு தடவை நேர்ல கேட்டுட்டா போதும்."

"அடுப்புல பால் வெச்சிருக்கேன் மாமா" என்று மருமகள் சமையலறைக்குள் போனாள். அடுப்பில் எதுவும் இல்லை. குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதாள்.

ஏவுதளத்தில் கவுன்ட்டவுன் சொல்ல இப்போது வேறு ஆள் வந்தாயிற்று. வேலை முடிந்து திரும்பும் வழியில் லாரி மோதி அவள் கணவன் இறந்தபோது, பெரியவர் இதய ஆபரேஷன் முடிந்து நினைவில்லாமல் கிடந்தார். இப்போது சொன்னால் தாங்கமாட்டார் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் சொல்லலாம் என்று நினைத்தாள். வந்ததும், தையல் ஆறட்டும் என்று தள்ளிப்போட்டாள். 'அவருக்கு அங்க வேலை அதிகம், லீவே குடுக்கமாட்டேங்கறாங்க' என்று ஆரம்பித்த பொய், அப்படியே நாக்கில் குடியேறிவிட்டது.

ஆனால் பொய்க்கு ஒரு குரல் வேண்டியிருந்தது. அவள் தம்பி வேறு ஊரில், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். அத்தான் கவுன்ட்டவுன் சொல்வதுபோலப் பேசிக்காட்டி, வீட்டு விசேஷங்களில் எல்லோரையும் வயிறு வலிக்கச் சிரிக்கவைப்பான். பெரியவர் வீடு திரும்பிய அன்று, வாசலில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபடி கெஞ்சினாள்: "வாரம் ஒரு தடவை அவர் மாதிரி மாமாகிட்ட பேசுடா." அவன் தலையாட்டினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை, பெரியவரின் நாற்காலியருகே இருந்த தொலைபேசி அடித்தது. ரிசீவரிலிருந்து கசிந்த குரலைக் கேட்டு அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். அச்சு அசல் அவரேதான். அன்றிலிருந்து வாரம் தவறியதில்லை. அவள் அந்தத் தொலைபேசிப் பக்கமே போகமாட்டாள். தம்பியிடமும் இதைப் பற்றி மறுபடி வாய் திறந்ததில்லை. சில காரியங்களைச் செய்ய முடியும், பேச முடியாது.

சில சமயம், தம்பி அளவுக்கு மீறிப் போகிறானோ என்று தோன்றும். "குளியலறைத் தாழ்ப்பாள் கழண்டு தொங்குதாமே, மாத்தச் சொல்றான்" என்பார் பெரியவர். தாழ்ப்பாள் கழன்றது முந்தின நாள்தான். மாமாவே உளறியிருப்பார் என்று சமாதானம் செய்துகொள்வாள்.

இன்று காலை மட்டும், வேறு வழியில்லாமல் தம்பிக்குச் செல்போனில் ஒரு வரி அனுப்பியிருந்தாள்: 'ராக்கெட் பார்க்க வர்றேன்னு மாமா சொல்வார், எப்படியாவது வேண்டாம்னு சொல்லிடு.' பதில் வரவில்லை.

இந்த ஞாயிறும் தவறாமல் கூடத்தில் தொலைபேசி அடித்தது.

"சொல்லுப்பா! ஆமா, லீவுக்கு... அப்படியா?" பெரியவரின் முகம் மலர்ந்தது. "அம்மாடி, ரயில்லயே வரச் சொல்றான்! பார்வையாளர் மேடையில நமக்கு இடம்கூடப் பிடிச்சு வெச்சுட்டானாம்!"

அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ரிசீவரை வாங்கி, முதுகைத் திருப்பிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி கேட்டாள்: "என்ன விளையாட்டு இது? நான் என்ன சொன்னேன், நீ என்ன பேசறே?"

மறுமுனையில் காற்று இரைந்தது. பிறகு அந்தக் குரல், நிதானமாக:

"நீயும் வா. முன் வரிசை வேண்டாம், வெளிச்சம் பட்டா உனக்குக் கண் கூசும். கொஞ்சம் பின்னாடி உட்கார்ந்துக்கோ."

"போதும், நிறுத்துடா!"

"வந்துடுங்க. நான் இங்கேயேதான் இருக்கேன்."

ரிசீவரை வைத்த கையை அவள் இன்னும் எடுக்கக்கூட இல்லை. வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தாள். தோளில் பையோடு தம்பி நின்றிருந்தான். மாடிப்படி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது.

"படியில நின்னு பேசிட்டு மேல ஓடி வர்றியா?" அடிக்குரலில் சீறினாள். "அந்த மனுஷனை ராக்கெட் பார்க்க வான்னு கூப்பிடறியே, உனக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சா?"

அவன் அவளை வெளியே இழுத்து, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினான். அவன் முகம் வெளிறியிருந்தது.

"உன் மெசேஜ் ஒண்ணும் புரியாமத்தான்க்கா பஸ் ஏறி வந்தேன். பெரியவர்கிட்ட நீ அப்பவே விஷயத்தைச் சொல்லிட்டேன்னுல்ல நினைச்சுக்கிட்டிருக்கேன்? அன்னைக்கு நீ அழுதே, நான் தலையாட்டினேன், அவ்வளவுதான். அத்தான் குரல்ல பேச எனக்கு நாக்கே எழலை. இந்த வீட்டுக்கு நான் ஒரு தடவைகூடப் போன் பண்ணினதே இல்லைக்கா."