தோளில் ஒரு கை

கணவருக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க, கல்யாண வீட்டுக் குரூப் போட்டோவோடு எங்கள் தூத்துக்குடி ஸ்டுடியோவுக்கு வந்தார் ஜெபக்கனி அக்கா. இப்போதெல்லாம் யாருக்கு எந்த எடிட்டிங் மென்பொருள் என்பதைக் கம்ப்யூட்டரே ஆளிடம் பேசிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது. இருபது வருஷத் தொழில்காரனான எனக்கு நானூறு கருவிகள் உள்ள மென்பொருளைத் திறக்கும்.

"நான் செஞ்சு தாரேன்க்கா."

"வேண்டாம் தம்பி. அவுகளுக்கு நானே செய்யுதேன்."

"போட்டோ வேலை தெரியுமா?" என்றது கம்ப்யூட்டர்.

"மீன் அரியத்தான் தெரியும். இவுகள மட்டும் தனியா எடுக்கணும்." திரையில் கணவர் முகத்தைத் தொட்டுக் காட்டினார் அக்கா.

திரையில் ஒரே ஒரு பொத்தான் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா அதைத் தொட்டதும் கூட்டம் மறைந்து, சேசுராஜ் அண்ணன் மட்டும் நின்றார். அவர் தோளில் ஒரு கை மிஞ்சியிருந்தது. எங்கள் தொழிலில் முதலில் அழிப்பது அதைத்தான். என் விரல்கள் பரபரத்தன.

கம்ப்யூட்டர் கேட்டது: "இது யார் கை?"

அக்கா வெகுநேரம் பார்த்தார். "என் கைதான்."

"இருக்கட்டுமா?"

"இருக்கட்டும்யா."

இருபது வருஷத்தில் ஆயிரம் கைகளையாவது சுத்தமாக அழித்திருப்பேன். ஒன்றைக்கூட யாருடையது என்று நான் கேட்டதில்லை.