விழாத கூடு

பனியன் கம்பெனிக்குப் பின்னால் ஒரு கிணறு. அதன்மேல் சாய்ந்து நின்ற கருவேலந்தான் அந்தப் பக்கத்தில் மிஞ்சியிருந்த ஒரே மரம். அதில் மஞ்சத்தலையன் என்றொரு தூக்கணாங்குருவி வருஷா வருஷம் புல்லைக் கிழித்துக் கூடு பின்னுவான். ஐப்பசிக் காற்றில் கூடு அறுந்து விழும். மறுவருஷம் அதே கிளையில் புதுக்கூடு.

ஒரு வருஷம் கம்பெனிக் குப்பையில் நீல நைலான் நூல் கிடைத்தது. பளபளவென்று கூடு கட்டினான். பார்க்க வந்த பெண்குருவி உடனே குடியேறிவிட்டாள்.

"இனி எந்தக் காத்தும் இதை ஒண்ணும் பண்ண முடியாது மாப்ள!" என்று பக்கத்துக் கிளைக் குருவியிடம் பீற்றிக்கொண்டான்.

சொன்னபடியே அந்த ஐப்பசியில் நீலக்கூடு விழவில்லை.

மறுவருஷம் வந்தவள் முகத்தைச் சுளித்தாள். "போன வருஷத்து நீலத்திலயா நான் குஞ்சு பொரிக்கணும்?"

ரோஸ் நிறத்தில் ஒன்று பின்னினான். அடுத்த வருஷம் பச்சை, அப்புறம் ஆரஞ்சு. மற்ற குருவிகளும் நூலுக்கு மாறின. ஒரு கூடும் விழவில்லை.

இந்த வருஷம் ஊதா நூலோடு வந்தான். மரம் முழுக்கக் காலிக்கூடுகள். முடிச்சுப் போட ஒரு கிளைநுனிகூட மிச்சமில்லை. பழைய முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான், அலகுதான் வலித்தது.

"எனக்கு எங்கே கட்டப் போறே?" என்று கேட்டுவிட்டுப் பெண்குருவி பறந்து போனாள்.

வாயில் நூலோடு அவன் வானத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்ன மாப்ள பார்க்கிறே?" என்றது பக்கத்துக் கிளைக் குருவி.

"புயல் ஏதாவது வருதான்னு பார்க்கிறேன்."